குறுக்கே பேசுகிறவன்

பிறர் பேச்சை முடிக்க விடாத வியாதி எனக்கு உண்டு. எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தால் போதும், அந்த வாக்கியம் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு காத்திருக்கப் பொறுமை கிடையாது, நானே முடித்துவைத்துவிடுவேன். ஆபீஸ் மீட்டிங்கில் எல்லோரும் என் மேல் கடுப்பாக இருப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். மீதிக் கால்வாசி, நான் முடித்துவைப்பது பெரும்பாலும் சரியாக இருப்பது.

பிழைப்புக்கு நான் செய்வதோ இதற்கு நேர் எதிரான வேலை. மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் சீரியல் போர்ட் டிரைவர் எழுதுகிறேன். எடை பார்க்கும் மெஷின், பில் அடிக்கும் மெஷின் போன்றவை கம்ப்யூட்டரோடு ஒரே கம்பியில், ஒன்றன்பின் ஒன்றாக எழுத்துகளை அனுப்பிப் பேசும். அந்தப் பேச்சை ஒழுங்காக நடத்திக்கொடுக்கிற சின்ன புரோகிராம்தான் டிரைவர். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்வது அதன் முக்கிய வேலை. இதை நான் அக்காவுக்கு விளக்கிச் சொன்ன நாளில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போது அவள் சிரிப்புக்குச் சத்தம் இருந்தது.

அக்கா நர்ஸ். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூரில் பிறந்து, படிக்க மைசூர் வந்து, இங்கேயே வேலையாகித் தங்கிவிட்டவள். அவள் பின்னாலேயே நானும் வந்தேன். மச்சான், அக்கா மகள் பாப்பா கைக்குழந்தையாக இருக்கும்போதே தவறிவிட்டார். அதிலிருந்து நாங்கள் மூன்று பேர்தான் ஒரு வீடு. பாப்பாவுக்கு இப்போது கல்யாண வயது. ஆனாலும் பாப்பாதான். எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்காதீர்கள், பெண் பார்க்கப் போன இடத்திலும் பெண்ணின் அப்பா பேசி முடிப்பதற்குள் நான் முடித்திருப்பேன்.

சில வருடங்களுக்கு முன் அக்காவின் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. எத்தனையோ நோயாளிகளை "ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க" என்று தேற்றியவள், கழுத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு ஊமையாக வீட்டுக்கு வந்தாள். தொண்டையில் வைத்துப் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். அதன் கரகரப்பைக் கேட்டு அவளுக்கே பிடிக்காமல் பீரோவில் வைத்துவிட்டாள். போனில் தட்டிப் பேசவைக்கும் செயலிகளும் சரிப்படவில்லை. தமிழா கன்னடமா என்று அது முதலிலேயே கேட்கும். எங்கள் வீட்டில் யாரால் அதற்குப் பதில் சொல்ல முடியும்? "பேக தின்னுட்டு ஹோகு, பஸ் போயிரும்" என்று, சீக்கிரம் தின்றுவிட்டுப் போ என்பதைக்கூட இரண்டு மொழியும் கலந்து சொல்லி வளர்ந்த வீடு இது.

அதனால் நானே ஒரு மெஷின் செய்தேன். ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போர்டு, நன்றாக அழுத்திப் பழகிய பெரிய விசைகள் உள்ள கீபோர்டு, கடையில் வாங்கிய பேசும் போர்டு ஒன்று. இரண்டு போர்டுகளுக்கும் நடுவில் ஒரு சீரியல் கம்பி. தமிழ் எழுத்து போனால் ஒரு பெண் தமிழில் பேசுவாள், கன்னட எழுத்து போனால் இன்னொரு பெண் கன்னடத்தில் பேசுவாள். தமிழ்ப் பெண்ணுக்குச் செய்தி வாசிக்கிற குரல். அந்தக் குரலில் "என்றா தம்பி, தக்காளி எங்கடா?" என்று ஹனூர்ப் பேச்சு வரும்போது பாப்பா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

முதல் நாள் அக்கா அதில் என்னைக் கூப்பிட்டது மட்டும் எனக்குச் சிரிப்பாக இல்லை. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கீபோர்டின் மேல் வரிசையில், அடிக்கடி சொல்லும் சொற்களை ஒரே அழுத்தில் சொல்ல, தயார் விசைகள் வைத்துக் கொடுத்திருந்தேன். எல்லாவற்றையும்விட எழுத்து தேய்ந்துபோனது "ஸ்வல்ப இரு" விசை. பாதி கன்னடம், பாதி தமிழ்; கொஞ்சம் இரு என்று அர்த்தம். அது எனக்காக மட்டும் வைக்கப்பட்ட விசை. அக்கா ஒரு வரியைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே நான், "தெரியுது, கேஸ் புக் பண்ணணும், அவ்வளவுதானே?" என்பேன். "ஸ்வல்ப இரு" என்று மெஷின் அதட்டும். ஆனால் அதற்குள் நான் கேஸ் புக் செய்ய எழுந்து போயிருப்பேன்.

அந்த மெஷின் ஆமை வேகத்தில் பேசியது. போன வருடம் பாப்பாவுக்குக் கல்யாணம் கூடி வந்ததும், வருகிறவர்கள் முன்னால் அக்கா சிரமப்படக்கூடாது என்று வேகமான புதிய போர்டு ஒன்று வாங்கிப் போட்டேன். பழையதில் வேலை செய்ய ஒரு மூளை, புதியதில் இரண்டு. பிரமாதமாகப் பேசியது. அவ்வப்போது ஏதோ ஒரு சொல்லின் நடுவே தமிழ்ப் பெண் ஒதுங்கிக்கொண்டு கன்னடப் பெண் வந்து போவாள். ஒரு தடவை என்னை, கன்னடக்காரர் தமிழ் படிப்பதுபோல அழுத்தி, "தம்ப்பி" என்றது. பாப்பா ஒரு வாரம் என்னை "தம்ப்பி மாமா" என்று கூப்பிட்டாள்.

வேறு எந்த வீட்டிலும் அன்றே சந்தேகம் வந்திருக்கும். எங்களுக்கு வரவில்லை. ஒரு சொல் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிவதில் எங்கள் காதுக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை. மெஷினும் மைசூர்த் தமிழாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். டிரைவர் எழுதுவதே தொழிலாக வைத்திருக்கிற நானும் அப்படித்தான் நினைத்தேன் என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பையன் வீடு குண்டலுபேட்டைப் பக்கத்துக் கன்னடக் கிறிஸ்தவக் குடும்பம். பையனின் அம்மா, நிச்சயத்துக்கு முன்னால் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷி. காபி குடித்துக்கொண்டே கொஞ்சம் தயங்கி, கல்யாணத்தைத் தங்கள் ஊர்ச் சர்ச்சில் வைத்துக்கொள்ளலாமா என்று கன்னடத்தில் கேட்டார். அக்காவுக்குச் சம்மதம்தான். "ஆகலி" என்று தட்டினாள். அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம். ஆனால் அவள் தட்டி முடிப்பதற்குள் நான் வாயைத் திறந்துவிட்டேன், வழக்கம்போல. அக்கா வழக்கம்போல என் விசையையும் சேர்த்து அழுத்தினாள்.

மெஷின் "ஆகல" என்றது.

கடைசியில் இருந்த ஒரு சின்ன இகரம் போனதுதான். கன்னடக் காதில் அது "ஆகல்ல". ஆகாது, முடியாது. அந்த அம்மாள் கப்பை மெதுவாகக் கீழே வைத்தார். முகம் சின்னதாகிவிட்டது. அக்கா பதறிப்போய்க் கையை ஆட்டினாள், தலையை ஆட்டினாள், மறுபடி தட்டினாள். நான் அவசர அவசரமாகக் கன்னடத்தில் விளக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே "பர்வாகில்ல" என்றார். ஆனால் முதலில் ஆகாது என்று சொல்லிவிட்டுப் பிறகு தம்பி மிரட்டி மாற்றிச் சொன்னதுபோல அது இருந்தது, எனக்கே அப்படித்தான் பட்டது. அவர் ஆட்டோ ஏறிய பிறகு அக்கா கீபோர்டைத் துணி போட்டு மூடிவைத்தாள்.

நிச்சயத்தன்று பாஸ்டர் இரண்டு வீட்டாரையும் பார்த்து, இந்தத் திருமணத்துக்குச் சம்மதமா என்று கேட்பார். பெற்றவர்கள் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். விஷயம் ஹனூருக்குப் போய்ச் சேர்ந்ததும் சித்தப்பா போன் செய்தார்.

"சபையில மெசினு திக்குனா நல்லாவா இருக்குது? தாய்மாமன் நீ கல்லாட்டம் இருக்கறயல்ல. நீயே சொல்லிப்போடு."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். மெஷினைப் பக்கத்தில் இழுத்து, ஒவ்வொரு விசையாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள்.

"பெத்தவ நானு. சம்மதம் நாந்தான் சொல்லோணும்."

அன்றைக்கு நான் குறுக்கே பேசவில்லை. ஒரு எழுத்துகூடத் திக்காமல் வந்தது. சித்தப்பா "செரி சாமி" என்று போனை வைத்துவிட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மெஷின் தேவைப்படவில்லை: சரி பண்ணிக் கொடு.

லீவு போட்டுவிட்டு மெஷினோடு உட்கார்ந்தேன். சம்மதம், சம்மதம், சம்மதம் என்று காலையிலிருந்து தட்டினேன். ஒரு பிசகும் இல்லை. கன்னடத்தில் "ஆகலி" தட்டினேன். அட்சரம் பிசகாமல் ஆகலி. கம்பியை மாற்றினேன், பேசும் போர்டைக் கழற்றி மாட்டினேன், டிரைவரை வரி வரியாகப் படித்தேன். எங்கள் தொழிலில் இதைவிடப் படுத்துகிற தப்பு கிடையாது. தேடும்போது ஒளிந்துகொள்ளும், விருந்தாளி வந்தால் வெளியே வரும். மத்தியானம் சோற்றுக்குக் கூப்பிட வந்த அக்காவிடம் எரிந்து விழுந்தேன். அவள் அசரவில்லை. மெஷினைத் தன் பக்கம் திருப்பித் தட்டினாள்.

"நான் பாப்பாகூடப் பேசறப்ப இது ஒரு நாளும் திக்கல. நீ பக்கத்துல இருந்தாத்தான்..."

"அதெப்படி? நான் இருந்தா மெஷினுக்கு என்ன?" என்று பாய்ந்தேன்.

அவள் விரல் தன்னால் என் விசைக்குப் போனது. மெஷின், கடைசியில் வரவேண்டிய "திக்குது" என்பதைக் கன்னடப் பெண்ணின் குரலில் பாதி விழுங்கிவிட்டு நின்றது.

அக்கா என்னைப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து நான் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தேன். தனியாக இருப்பவனுக்குக் குறுக்கே பேச யார் இருக்கிறார்கள்? தப்பு வெளியே வர இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவன் நானாக இருக்கவேண்டும்.

நாங்கள் மைசூரில் முதலில் குடியிருந்த வீட்டில், எங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் பொதுவாக ஒரு பாத்ரூம். இரண்டு பக்கமும் கதவு. உள்ளே போனவர் இரண்டு தாழ்ப்பாளையும் போடவேண்டும். வந்த புதிதில் நான் எங்கள் பக்கத்துத் தாழ்ப்பாளை மட்டும் போட்டுவிட்டு, உடம்பெல்லாம் எண்ணெயோடு நின்றேன். வீட்டுக்காரர் வாளியோடு உள்ளே வந்துவிட்டார். அவர் மேலும் தப்பில்லை, அவர் பக்கம் கதவு திறந்துதானே இருந்தது.

டிரைவரில் நடந்ததும் அதுவேதான். பழைய போர்டுக்கு ஒரே மூளை, அதாவது ஒரே கதவு. எழுத்துகளைக் கம்பிக்கு அனுப்பும் நேரத்தில் "இப்போது யாரும் குறுக்கே வராதே" என்று அந்த ஒரு மூளைக்குச் சொல்லிவிட்டால் போதும். அதே டிரைவரை நான் புதிய போர்டில் அப்படியே தூக்கிப் போட்டிருந்தேன். ஒரு மூளை தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அக்காவின் வாக்கியத்தை அனுப்பும்போது, இன்னொரு மூளை தன் பக்கக் கதவைத் திறந்துகொண்டு "ஸ்வல்ப இரு"வோடு உள்ளே வந்தது. இரண்டும் ஒரே இடத்தில் எழுத்தை வைத்தன. ஒன்றின் மேல் ஒன்று விழுந்தது.

நம் எழுத்து ஒவ்வொன்றும் கம்பியில் மூன்று துண்டுகளாகப் போகும். முதல் துண்டு தமிழுக்கும் கன்னடத்துக்கும் ஒன்றே. நடுத்துண்டுதான் எந்த மொழி என்று சொல்கிறது, கடைசித் துண்டு எந்த எழுத்து என்று. ஸ்வல்பவின் நடுத்துண்டு தவறிப்போய்த் தமிழ் எழுத்தின் நடுத்துண்டு மேல் உட்கார்ந்தால், அந்த எழுத்து ஒலி மாறாமல் கன்னடத்துக்குக் குடிபோய்விடும். வேறு துண்டு அடிபட்டால் எழுத்தே காணாமல் போகும், ஆகலியின் இகரம்போல. இதைப் புரிந்துகொண்டபோது எரிச்சலுக்குப் பதிலாக எனக்கு ஒரு பிரியம் வந்தது. இவ்வளவு பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு மொழியையும் வைத்துக்கொண்டு, இத்தனை வருடம் நாங்கள் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்ததுதான் ஆச்சரியம்.

இரண்டு கதவுக்கும் சேர்த்து ஒரே பூட்டு போட்டேன். அதோடு நிற்கவில்லை. நிச்சயத்தன்று எதுவும் நடந்துவிடக்கூடாது என்ற பயத்தில், அக்கா ஒரு செய்தியைத் தொடங்கினால் அதன் கடைசி எழுத்து போய் முடியும்வரை பூட்டு திறக்காதபடி செய்தேன். பாப்பாவை உட்காரவைத்து, அக்காவின் வாக்கியம் போகும்போது என் விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தச் சொன்னேன். வாக்கியம் முழுதாகப் போனது. என் விசை தன் முறை வரும்வரை வாசலில் நின்றது. பாப்பா, "மாமா, உனக்கும் இதுமாதிரி ஒண்ணு போட்டுக்கோ" என்றாள்.

நிச்சயம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. சர்ச்சிலிருந்து நாற்காலிகள் வந்தன. ஹனூரிலிருந்து சித்தப்பா வீட்டார், அந்தப் பக்கம் பையன் வீட்டார். ஜெபம் முடிந்ததும் பாஸ்டர் பெண் வீட்டுப் பக்கம் திரும்பி, பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்துக் கேட்டார், "இந்தத் திருமணத்துக்கு உங்களுக்குச் சம்மதமா?"

என் வாய் திறந்துவிட்டது. அக்கா திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

அவள் சொல்லவேண்டியதைக் காலையிலேயே தட்டிச் சேமித்து வைத்திருந்தாள். இப்போது ஒரே ஒரு விசையை அழுத்தினாள்.

"சம்மதம். பெத்தவ நான் சந்தோஷமாச் சொல்லறேன்" என்றாள் தமிழ்ப் பெண். பிறகு கன்னடப் பெண், பையனின் அம்மாவைப் பார்த்துச் சொல்வதுபோல, எங்கள் பிள்ளை இனி உங்கள் பிள்ளை, கல்யாணம் உங்கள் சர்ச்சிலேயே ஆகலி என்றாள். இகரம் தெளிவாக விழுந்தது. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அப்போதுதான் அக்காவின் விரலைக் கவனித்தேன். "நிறுத்து" விசையை அழுத்திக்கொண்டிருந்தாள். ஒரு முறை இல்லை, திரும்பத் திரும்ப. காலையில் மனதில் பட்டதையெல்லாம் தட்டிச் சேமித்து வைத்ததில் இன்னும் ஏதோ மிச்சம் இருந்தது, அதைச் சபையில் சொல்லும் எண்ணம் அவளுக்கு இல்லை. அந்த விசையை அவள் அதுவரை தொட்டதே இல்லை. நானும் சோதித்துப் பார்க்கவில்லை. நிறுத்து என்கிற கட்டளையும் அதே கம்பியில்தான் போகவேண்டும், அதே பூட்டுக்கு முன்னால்தான் நிற்கவேண்டும். செய்தி முடியும்வரை அது உள்ளே வர முடியாது. அந்த அறையில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான். அக்கா பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

செய்தி வாசிக்கிற குரலில் தமிழ்ப் பெண் நிதானமாகச் சொன்னாள்:

"என்ற தம்பி என்னைய எதையும் முழுசாச் சொல்ல உட்டதில்ல. பாதியிலயே புரிஞ்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவான். குரல் போனதுக்கப்புறம் எல்லாருகிட்டயும் நான் ஊமையாத்தான் இருந்தேன். அவங்கிட்ட மட்டும் எனக்குக் குரல் போன மாதிரியே தெரியல. என்ற பொண்ணுக்கும் அப்படி ஒருத்தரு கெடைக்கோணும்னுதான் ஜெபம் பண்ணினேன். கெடைச்சிருக்கறாரு."

மெஷின் நின்றது. வாசலில் காத்திருந்த நிறுத்துகள் எல்லாம் உள்ளே வந்து, நிறுத்த ஒன்றும் இல்லாமல் போயின.

சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். பையனின் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, "ஏனந்த்ரு?" என்றார். என்ன சொன்னார்கள்?

"அவரு ஹேளித்து..." என்று தொடங்கினேன். "நன் தம்மன் ஹத்ர மாத்ர..."

அவர் சொன்னது, என் தம்பியிடம் மட்டும். அதற்கு மேல் வரவில்லை. எல்லார் வாக்கியத்தையும் முடித்துவைக்கிறவனுக்கு, எப்படி முடியும் என்று தெரிந்த அந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை.

அக்கா கீபோர்டைத் தன் மடிக்கு இழுத்துக் கன்னடத்தில் தட்ட ஆரம்பித்தாள். அவள் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை நான் பேசாமல் உட்கார்ந்து கேட்டேன்.